அகழிக்கரையில் எதிரே வந்தவர்

வேலூர்க் கோட்டை அகழிக்கரையை நான் முதன்முதலில் சுற்றியது மாப்பிள்ளை பார்க்க. மாப்பிள்ளைதான் பெண் பார்க்க வருவார் என்று ஊரில் சொல்வார்கள். எங்கள் வீட்டில் பேச்சு அப்படி இல்லை. என் அக்காவை ஒரு வார்த்தை கேட்காமல் கட்டிக்கொடுத்துவிட்டு, அவள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கண்ணைக் கசக்கிக்கொண்டு வாசலில் வந்து நிற்பதைப் பார்த்து அப்பாவுக்கு மனசு விட்டுப்போயிருந்தது. "நீ சரின்னாத்தான் சரி கண்ணு. உன் வாயால சொல்லணும்" என்று எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வாக்கை நம்பித்தான் ஆம்பூரில் ரயில் ஏறினேன்.

ஏற்பாடு முழுக்க அத்தையுடையது. அப்பாவின் தங்கை, வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. அவள் வேலை பார்த்த இடத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சிலவற்றில் ஒரு வழக்கம் இருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் இரண்டு பக்கமும் மானக்கேடு. அதனால் அகழிக்கரையில் பெண் வீட்டார் ஒரு பக்கமாகவும் மாப்பிள்ளை வீட்டார் எதிர்ப்பக்கமாகவும் சுற்றுவார்கள். ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை எதிரெதிரே வர நேரும். அதுதான் பார்வை. தெரிந்த மாதிரி யாரும் காட்டிக்கொள்ளக் கூடாது. பெண்ணின் தகப்பன் கூட வந்தால் அது சம்பந்தம் பேசுவது ஆகிவிடும் என்பதால் அவர் மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட வேண்டும்.

"யாருனா கேட்டா ஆஸ்பத்திரிக்கு சோறு எடுத்துனு போறோம்னு சொல்லிக்கலாம்" என்று அத்தை ஒரு பித்தளை அடுக்குத் தூக்கை என் கையில் கொடுத்தாள். சும்மா பேருக்கு இல்லை. நான்கு பேருக்கான சோறும் குழம்பும் உள்ளே இருந்தன. தோள் இற்றுப்போகிற கனம்.

ஜட்கா வண்டிக்காரர் லாங் பஜார் நெரிசலைத் தாண்டி எங்களைக் கோட்டைக்கு எதிரே இறக்கிவிட்டார். இறங்கும்போது, "தண்ணியாண்ட ஜாஸ்தி போவாதம்மா. முன்னெல்லாம் முதலை இருந்துச்சு. இப்ப கம்மி" என்றார். கம்மி என்றால் எத்தனை என்று கேட்க நினைத்தேன். அதற்குள் குதிரையைத் திருப்பிவிட்டார்.

தண்ணீரைப் பார்த்ததும் எனக்கு முதலை மறந்துபோனது. எங்கள் ஊரில் பாலாறு என்றால் மணல். தண்ணீர் வேண்டுமானால் ஊற்றுத் தோண்ட வேண்டும். தேங்கி நிற்கிற தண்ணீர் என்றால் தோல் பதனிடுகிற ஷாப்பின் குழிகளில் இருப்பதுதான். அதற்கு ஒரு நிறமும் ஒரு நாற்றமும் உண்டு. இங்கே இவ்வளவு தண்ணீர் எந்த வேலையும் இல்லாமல் கோட்டைச் சுவரின் காலடியில் கிடந்தது. நான் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தேன். பாசி வாசனை மட்டும். "இன்னாடி மோந்து பாக்குற, கறிக்கொழம்பா?" என்று அத்தை முதுகில் ஒன்று வைத்தாள்.

அப்பாவைப் புளியமரத்தடியில் விட்டுவிட்டு நடக்கத் தொடங்கினோம். கரை ஒரு வண்டி போகிற அகலம் இருந்தது; சில இடங்களில் மழை அரித்து ஒற்றையடியாகக் குறுகியது. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் சேற்றுச் சரிவு. அங்கேதான் என் கால் என்னை ஏமாற்றியது.

அப்பா தோல் ஷாப்பில், தோல் ஊறப்போடுகிற சுண்ணாம்புக் குழிகளுக்கு மேஸ்திரி. சின்ன வயசிலிருந்து அவருக்குச் சோறு கொண்டுபோனவள் நான். குழிக்கும் குழிக்கும் நடுவே ஒரு முழ அகல வரப்பு. வழுக்கி விழுந்தால் சுண்ணாம்புத் தண்ணீர். அதில் நடக்கிறவர் யாரும் தலையை நிமிர்த்துவதில்லை. இன்னொரு வழக்கமும் உண்டு. வரப்பில் இருவர் எதிரெதிரே வந்துவிட்டால், வெறுங்கையாக வருகிறவர்தான் ஒதுங்கி வழிவிட வேண்டும். ஈரத்தோலைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறவரை நிற்க வைக்கக் கூடாது. மேஸ்திரியானாலும், முதலாளியே வந்தாலும் அப்படித்தான்.

ஆக, ஒரு பக்கம் தண்ணீரைக் கண்டதும் என் பாதம் தானாக ஒன்றன்முன் ஒன்றாக விழுந்தது, கண் தானாகக் கீழே போனது. "வர்றாங்கடி" என்று அத்தை கிசுகிசுத்தபோது நான் பார்த்தது ஆறு கால்கள். ஓர் அம்மாளின் வெறுங்கால், பளபளக்கிற ஒரு ஜோடி பூட்ஸ், தேய்ந்த ஒரு ஜோடி செருப்பு. செருப்பு ஆவாரம்பட்டையில் பதப்படுத்திய நல்ல தோல் என்பதுகூடத் தெரிந்தது. தலையைத் தூக்குவதற்குள் தாண்டிப் போய்விட்டார்கள்.

இரண்டாவது முறை கட்டாயம் நிமிர்ந்துவிட வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டே வந்தேன். ஆனால் அவர்கள் எதிர்ப்பட்டது ஒற்றையடி இடத்தில். செருப்புக்கால் சட்டென்று சரிவில் இறங்கிச் சேற்றில் நின்றது. பூட்ஸ் நேராக வந்தது. நான் தூக்கோடு இறங்கி வழிவிட்டேன். அவ்வளவுதான் என் பார்வை.

மரத்தடிக்குத் திரும்பியதும் அப்பா எழுந்து நின்றார். என் முகத்தையே பார்த்தார். அத்தைக்குத்தான் பொறுக்கவில்லை. "எப்டிடீ கீறாரு? ராஜா மாதிரி இல்ல?"

பொய்யாக ஆமாம் சொன்னால் என் அக்காவுக்கு நடந்தது எனக்கும் நடக்கும். அதுவும் என் வாயாலேயே. வேறு வழியில்லாமல் கேட்டேன்: "அவரு பூட்ஸா, செருப்பா அத்த?"

அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். "பூட்ஸ்டீ! செருப்பு அவுரு அண்ணன், ரெண்டு புள்ளைக்கி அப்பன். ரெண்டு தபா எதிர்ல வந்தும் மூஞ்சியப் பாக்கலியா நீ?"

"பாக்கலப்பா" என்றேன் அப்பாவிடம். "இன்னொரு தபா போய்ட்டு வர்றேன்."

இரண்டு முறைக்கு மேல் வழக்கமே இல்லை, அவர்கள் என்ன நினைப்பார்கள் என்று அத்தை குதித்தாள். அப்பா, "பாக்கத்தான வந்தோம். பாக்கட்டும்" என்று உட்கார்ந்துவிட்டார்.

அத்தை முனகிக்கொண்டே கூட வந்தாள். மாப்பிள்ளை வீட்டார் இன்னும் போகவில்லை. கரையில் சற்றுத் தள்ளி உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தவர்கள் எங்களைக் கண்டதும் எழுந்து வந்தார்கள். இந்த முறை முதலையே வந்தாலும் வரட்டும் என்று தலையை நிமிர்த்தினேன். பார்த்தேன். நல்ல முகம். அகலமான நெற்றி, சிரிப்பை அடக்கிக்கொண்ட வாய். சட்டென்று பிடித்துப்போனது எனக்கு. வெட்கமில்லாமல் சொல்கிறேன், மிகவும் பிடித்தது. சரி என்று சொல்லிவிடலாம் என்று நெஞ்சு லேசானது. சற்று முன் வழிவிடாததற்குக்கூட நானே அவருக்காகப் பேசிக்கொண்டேன். குழி வரப்பு வழக்கம் ஆஸ்பத்திரி ஆபீசில் கணக்கு எழுதுகிறவருக்கு எப்படித் தெரியும்? தூக்கைக் கவனித்திருக்க மாட்டார்.

அதே ஒற்றையடி இடம். அண்ணன்காரர் இந்த முறையும் இறங்கி நின்றுகொண்டார். நான் இறங்கவில்லை. தூக்கை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு நின்றேன். கை சிவந்திருந்ததை மாப்பிள்ளை பார்த்தார். தூக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு சரிவின் சேற்றைப் பார்த்தார். நின்ற இடத்திலேயே நின்றார்.

"கொஞ்சம் ஒதுங்கிக்கோம்மா" என்றார் அவர் அம்மா, தன்மையாகத்தான். "புது பூட்சு, சேறாய்டும்."

இறங்கினேன். அப்பா எனக்காக அளவெடுத்துத் தைக்கச் சொன்ன புதுச் செருப்போடு கால் கணுக்கால் வரை சேற்றில் புதைந்தது. கோபம் வரவில்லை. ஆசைப்பட்ட பண்டத்தைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொண்ட மாதிரி ஏமாற்றமாக இருந்தது.

"வேணாம்ப்பா" என்றேன் மரத்தடியில்.

"மூஞ்சில இன்னாடி கொற?" என்று அத்தை பாய்ந்தாள்.

"மூஞ்சில ஒரு கொறயும் இல்ல."

"ஆபீஸ் உத்தியோகம். கொணம் தங்கம். பின்ன இன்னாதான் ஒனக்கு?"

என்ன சொல்வது? சேற்றில் இறங்கவில்லை என்று ஒரு மாப்பிள்ளையை வேண்டாம் என்றதாக ஊர் முழுக்கச் சிரிக்கும். காரணம் கேட்டு அப்பாவும் என்னைப் பார்த்தார். அவரிடமும் எனக்குச் சொல்ல வரவில்லை. வாக்கு வாக்குதானா, இல்லை காரணம் சொன்னால்தான் வாக்கா என்று பயமாக இருந்தது. சாப்பாட்டில் யாருக்கும் மனசில்லை. தூக்கை அப்படியே எடுத்துக்கொண்டு ஜட்கா பிடிக்கக் கரையோரமாகவே நடந்தோம். அத்தை முன்னால், நடுவில் அப்பா, பின்னால் நான்.

கரை குறுகுகிற இன்னொரு இடத்தில், தலை மறைகிற புல்லுக்கட்டோடு ஒரு பெண் எதிரே வந்தாள். அப்பா தானாகச் சரிவில் இறங்கினார். அதே நேரத்தில் நானும் இறங்கினேன். அத்தை மட்டும் என்னைத் திட்டிக்கொண்டே நடுவில் நின்றாள். புல்லுக்கட்டுக்காரி திணறி நின்றாள். அப்பா எட்டி அத்தையின் கையைப் பிடித்துக் கீழே இழுத்தார். அந்தப் பெண் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனாள்.

சேற்றில் நின்றபடியே அப்பா திரும்பி என் கையிலிருந்த தூக்கைப் பார்த்தார். பிறகு ஏற்கெனவே சேறு காய்ந்திருந்த என் செருப்பைப் பார்த்தார்.

"அவன் எறங்கலியா?" என்றார்.

"எறங்கலப்பா" என்றேன்.

அப்பா தூக்கை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "வேணாம்னு சொல்லி அனுப்பிடு" என்று அத்தையிடம் சொல்லிவிட்டு மேலே ஏறினார்.