படிப்புக்கு இருபத்தைந்து புள்ளி

என் அண்ணை தில்லையம்பலம் வாழ்நாளில் ஒருநாளும் பந்தைக் கையால் தொட்டவரில்லை. பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடமாட்டார், அடுத்தது வரும் என்று நிற்பார். அப்படிப்பட்ட மனுசன் லண்டன் கிங்ஸ்பரியில் எங்கள் வீட்டு முன்னறையில் சாரத்தைக் கட்டிக்கொண்டு இருந்து, அமெரிக்காவில் எந்தப் பெடியன் நன்றாக ஓடுவான், எவன் உருப்படமாட்டான் என்று பத்து வருடம் தீர்ப்புச் சொன்னார். கேட்கிற எங்களுக்குத்தான் வெட்கம். அவருக்கு அது மருந்துக்கும் கிடையாது.

எழுபத்தைந்தாம் ஆண்டில் கணக்காளர் படிப்புக்கென்று லண்டன் வந்தவர். கடைசிப் பகுதிச் சோதனையை ஒன்பது தரம் எழுதினார், ஒன்பது தரமும் கோட்டை விட்டார். வேலை, தபால் பிரிக்கிற இடத்தில். யாராவது "படிப்பை விட்டிட்டியளோ?" என்று கேட்டுவிட்டால் போச்சு. "ஆர் விட்டது? நான் இன்னும் படிச்சுக்கொண்டிருக்கிறன்" என்று பாய்வார். அந்தப் புத்தகங்கள் படிக்கட்டுக்குக் கீழே தூசி பிடித்துக் கிடந்தன. அவற்றை எறிய அண்ணி சிவனேஸ்வரிக்குத் தைரியம் வரவில்லை.

எண்பத்துமூன்றுக் கலவரத்துக்குப் பிறகு என்னை இங்கே கூப்பிட்டு எடுத்தது அவர்தான். குரோய்டன் குடிவரவுக் கந்தோருக்கு ஏழு தரம் லீவு போட்டு என்னோடு வந்தார். அதை நான் மறுக்கவில்லை. மறக்க அவர் விடவும் மாட்டார், மாதம் ஒருமுறை ஞாபகப்படுத்துவார்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் டிவியில் அமெரிக்க ஃபுட்போல் காட்டத் தொடங்கிய காலத்தில் அவருக்கு இந்த விசர் பிடித்தது. கோயிலில் கிரிக்கெட் கதைத்தால் அவரைவிடக் கூடத் தெரிந்தவர்கள் நாலு பேர் நிற்பார்கள். இந்த விளையாட்டில் எதிர்க்கதை சொல்ல கிங்ஸ்பரி முழுவதும் ஒரு தமிழன் இல்லை. அண்ணைக்கு வேறு என்ன வேண்டும்?

விளையாட்டு இதுதான். முட்டை வடிவத்தில் ஒரு பந்து. ஒருவன் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவான். பதினொரு தடியர்கள் அவன்மேல் விழுந்து நசுக்குவார்கள். அப்படி ஓடுகிறவர்களில்தான் அண்ணை நிபுணர். ஒவ்வொரு சித்திரை மாதமும் அங்கே பெரிய ஃபுட்போல் ரீம்கள் எல்லாம் கூடி, கல்லூரிகளில் விளையாடுகிற பெடியன்களை முறைவைத்து ஒவ்வொருவராகத் தெரிந்தெடுக்கும். போன வருடம் ஆகக் கூடத் தோற்ற ரீமுக்கு முதல் தெரிவு. எவன் முதலில் போவான், எவன் தேங்கிக் கிடப்பான் என்று அமெரிக்காவே மாதக்கணக்காக மண்டையை உடைக்கும். அதோடு சேர்த்துக் கிங்ஸ்பரியில் ஒரு மண்டை.

நியூஜேர்சியில் இருந்த எங்கள் மச்சான் அருள்நேசன் பேப்பர்த் துண்டுகளும் வீடியோ ரேப்புகளும் அனுப்புவான். அமெரிக்க ரேப் இங்கத்தை மெஷினில் ஒழுங்காக ஓடாது என்று ஊருக்கெல்லாம் தெரியும், அண்ணைக்குத் தெரியாது. நிறமில்லாமல், மேலிருந்து கீழாக உருண்டுகொண்டேயிருந்த படத்தை ஒரு மாரிகாலம் முழுக்கப் பார்த்தார். "இவன்ரை கண் பார்வை திறம்" என்று அதிலேயே புள்ளியும் போட்டார். ஓடுகிறவனுக்குத் தலை எது கால் எது என்றே எனக்குத் தெரியவில்லை. இவருக்குக் கண் தெரிந்ததாம்!

புள்ளி போடுவதற்கு ஒரு தாள் வைத்திருந்தார். மொத்தம் நூறு. காலுக்கு இருபது. ஆட்களுக்கு நடுவில் திறக்கிற இடைவெளியைக் காண்கிற கண்ணுக்கு இருபது. பந்தைக் கைவிடாமல் இருப்பதற்குப் பதினைந்து. உடம்பில் காயம் இல்லாததற்குப் பத்து, ஒழுக்கத்துக்குப் பத்து. மிச்சம் இருபத்தைந்தும் படிப்புக்கு.

ஓம், படிப்புக்கு! கல்லூரிப் பெடியன் என்றால் படிக்கத்தானே கல்லூரிக்குப் போனான் என்பது அண்ணையின் வாதம். எந்தப் பெடியன் என்ன பாடம் படிக்கிறான் என்று விசாரிக்கச் சொல்லி அருள்நேசனின் உயிரை எடுத்தார். அந்தப் பாவி அமெரிக்கக் கல்லூரிகளுக்கெல்லாம் ரெலிபோன் எடுத்து, கலியாணப் பேச்சுக்கு விசாரிப்பதுபோல விசாரித்தான். பொறியியல் என்றால் இருபத்தைந்தும் முழுசாய். உடற்பயிற்சி என்றால் ஐந்து. படிப்பை முடிக்கும் முன்பே தெரிவுக்குப் பெயர் கொடுக்கலாம் என்று கொஞ்சக் காலம் முன்புதான் விதி வந்திருந்தது. அப்படி வருகிறவனுக்குப் பூச்சியம். யாழ்ப்பாணத்தானைத் தவிர உலகத்தில் வேறு எவனுக்கும் இந்த யோசனை வந்திருக்காது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு வருடம், ரவிச்சந்திரன் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

ரவி மலேசியாக்காரர், ஊர் ஈப்போ. நான் வேலை செய்த காப்புறுதிக் கந்தோரில் லிஃப்ட் பழுதாகும் போதெல்லாம் திருத்த வருவார். அந்த லிஃப்ட் அடிக்கடி பழுதானது என் அதிர்ஷ்டம். ஒன்றரை வருடப் பழக்கத்துக்குப் பிறகு, அண்ணையிடம் முறையாகக் கேட்க வேண்டும் என்று அவரே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆர்ச்வேயிலிருந்து பழப்பையோடு வந்தார். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. அவரைத் தவிர வேறு யாரையும் கட்ட எனக்கு விருப்பமில்லை.

அண்ணை பழத்தையும் பார்க்கவில்லை, முகத்தையும் பார்க்கவில்லை. "தம்பி, டிகிரி எந்த வருசம் முடிச்சனீர்?" என்றார்.

"முடிக்கலண்ணே. மூணாவது வருஷம் அப்பா தவறிட்டாரு. ஃபீஸ் கட்ட வழியில்ல. லிஃப்ட் கம்பெனியில சேர்ந்துட்டேன்."

"அப்ப பாதியிலை விட்டனீர்."

"ஆமாண்ணே. இப்போ நாப்பது கட்டடத்து லிஃப்ட் என் பொறுப்புல இருக்கு."

"அது வேலை, தம்பி. நான் கேட்டது படிப்பு."

பிறகு, அமெரிக்க ரேப் ஓடவென்றே வாங்கிய புது மெஷினில் ரேப்பைப் போட்டார். அந்த வருடம் அவர் முதலாவதாக வைத்தது சிவில் எஞ்சினியரிங் படிக்கிற ஒரு பெடியனை. அவன் ஓடினால், தேத்தண்ணித் தட்டத்தை ஏந்திக்கொண்டு ஆள் வருவதுபோல இருக்கும். கடைசியாக வைத்தது தென்பகுதிக் கல்லூரி ஒன்றிலிருந்து படிப்பை முடிக்காமல் வருகிற ஒருவனை. நாலு பேர் தொங்கினாலும் அவன் விழவில்லை, இழுத்துக்கொண்டு போனான்.

"இந்தப் பையன் நல்லா ஓடறானே" என்றார் ரவி, பாவம், மரியாதைக்கு.

"ஓடுறான், ஓம். பல்கலைக்கழகத்தை விட்டெல்லோ ஓடுறான். படிப்பை விட்டவன் பந்தையும் விடுவான்."

ரவி சிரித்துக்கொண்டே தேத்தண்ணியைக் குடித்தார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

அடுத்த நாள் அண்ணை வேலைக்குப் போன பிறகு அவர் புள்ளித் தாள்களைப் போட்டு வைக்கிற கோப்பைத் திறந்தேன். ஏழு அமெரிக்கப் பெடியன்களின் தாள்களுக்குப் பின்னால் எட்டாவதாக ஒன்று இருந்தது. பெயர், ரவிச்சந்திரன். கால் பன்னிரண்டு, ஓடிப் பார்க்கவில்லை, உத்தேசம். கண் பதினாலு, கண்ணாடி போடுவதில்லை. கைவிடாமை ஐந்து, படிப்பைக் கைவிட்டவர். காயம் பத்து. ஒழுக்கம் எட்டு. படிப்பு பூச்சியம். மொத்தம் நாற்பத்தொன்பது. கீழே சிவப்பு மையில், "வேண்டாம்."

குறுக்காலை போன தாள்! அதைக் கிழித்து அடுப்பில் போட்டிருக்க வேண்டும். அல்லது அன்றைக்கே என் உடுப்புப் பெட்டியைத் தூக்கியிருக்க வேண்டும். நான் இரண்டும் செய்யவில்லை. பின்னேரம் அண்ணை வந்து சப்பாத்தைக் கழற்ற முன்னமே அவருடைய வழக்கில் நானே போய் வாதாடினேன்.

"அண்ணை, உங்கடை கணக்கு முழுப் பிழை. அந்தத் தென்பகுதிப் பெடியனைத்தான் முதலிலை எடுப்பாங்கள்."

"உனக்கென்னடி தெரியும்? எஞ்சினியரிங் பெடியன்தான் முன்னுக்குப் போவான்."

"தென்பகுதியான் முன்னுக்குப் போனால் ரவிக்கு ஓம் சொல்லுவியளோ?"

அண்ணையின் வீறாப்பு எனக்குத் தெரியும். நெஞ்சை நிமிர்த்தினார். "சொல்லுறன். முருகன் அறிய, உன்ரை அண்ணி சாட்சியாய்ச் சொல்லுறன். போகாட்டி?"

ரொறன்ரோவில் ஒரு மாப்பிள்ளையை அவர் எனக்குப் பார்த்து வைத்திருந்தார். கணக்காளர், எல்லாப் பகுதியும் முதல் தரத்திலேயே பாஸ். அந்தப் பாஸை நினைத்தாலே அண்ணைக்கு வாயூறும்.

"போகாட்டி அந்த ரொறன்ரோ ஆளுக்குக் கழுத்தை நீட்டுறன்" என்றேன்.

அண்ணி மட்டும் குசினி வாசலில் நின்று, "கௌரி, உனக்கும் விசரே?" என்று கேட்டாள். நான் அவளைப் பொருட்படுத்தவில்லை. ரவியிடம் இதைப்பற்றி மூச்சும் விடவில்லை. வென்ற பிறகு சொல்லிச் சிரிக்கலாம் என்று இருந்தேன்.

மூன்று கிழமை நான் பட்ட பாட்டை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாயிருக்கிறது. அருள்நேசன் அனுப்பிய பேப்பர்களை அண்ணைக்கு முதல் நான் எடுத்து வாசித்தேன். தென்பகுதியானுக்கு முழங்காலில் சின்ன வீக்கம் என்று ஒன்றில் போட்டிருந்தது. ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போய் அந்த முழங்காலுக்காக அர்ச்சனை செய்தேன். ஐயர் நட்சத்திரம் கேட்டார். அமெரிக்காக்காரனுக்கு நான் எங்கே நட்சத்திரம் தேட? சுவாமி பெயருக்குச் செய்யச் சொன்னேன். வெளியே வந்து, ஐந்து நிமிடத் தூரத்தில் இருந்த ரவியின் வீட்டுக்குப் போய் அவர் நெற்றியில் திருநீறு பூசினேன். என்ன விசேஷம் என்று கேட்டார். சும்மா என்றேன்.

தெரிவு நடந்த ஞாயிறு பின்னேரம் ஆறரைக்கு அருள்நேசனின் ரெலிபோன் வந்தது. அண்ணை எடுத்தார். நான் படிக்கட்டில் இருந்து கேட்டேன்.

"ஆர்? ஆரெண்டு சொல்லுறாய்? எத்தினையாவது? வடிவாய்க் கேட்டனியே?" பிறகு தன் தாளைத் தேடி எடுத்தார். "எஞ்சினியரிங்?"

தென்பகுதியானை ஐந்தாவது தெரிவாகவே எடுத்துவிட்டார்கள். ஓட்டக்காரர்களில் அவன்தான் முதல். எஞ்சினியரிங் பெடியனை அன்று முழுக்க ஒருவரும் ஏனென்றும் கேட்கவில்லை.

அண்ணை ரெலிபோனை வைத்துவிட்டு, "என்ரை கணக்கிலை பிழையில்லை. அவங்கடை தெரிவிலைதான் பிழை" என்றார். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, வாக்கு மாறவில்லை. அடுத்த சனிக்கிழமை கோட்டுப் போட்டு, ரையும் கட்டி, அண்ணியையும் என்னையும் கூட்டிக்கொண்டு ரவியின் வீட்டுக்கு வெளிக்கிட்டார். கக்கத்தில் அந்தக் கோப்பு.

"அதேன் அண்ணை?" என்று கேட்டேன்.

"விளக்கம் சொல்ல வேண்டாமே?"

ரவி தேத்தண்ணி போட்டு, பிஸ்கட் வைத்தார். அண்ணை தொண்டையைச் செருமி, தான் சம்மதிப்பதாகச் சொன்னார். ரவியின் முகம் மலர்ந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் அவர் தில்லையம்பலமா? தாளை எடுத்து விரித்து, ஒவ்வொரு புள்ளியாக விளங்கப்படுத்தினார். ரவிக்குக் கோபமே வரவில்லை. காலுக்குப் பன்னிரண்டு என்றதும் விழுந்து விழுந்து சிரித்தார்.

"பெயிலாப் போனவனுக்கு எப்படிண்ணே பொண்ணு கிடைச்சுது?"

"அதுக்கு நீர் அந்தத் தென்பகுதியானுக்குத்தான் நன்றி சொல்ல வேணும்" என்று அண்ணை தொடங்கினார். பந்தயத்தை ஒன்றும் விடாமல் சொன்னார். "அவன் போகாட்டி ரொறன்ரோ மாப்பிள்ளையைக் கட்டுறன் எண்டு இவளும் வாக்குத் தந்தவள். நான் மாத்திரமில்லை."

ரவியின் சிரிப்பு நின்றது. என் பக்கம் திரும்பினார்.

"உங்க அண்ணன் மார்க் போட்டது எனக்குப் பெரிசில்ல. அவரு அப்படித்தான். நீ சொல்லு கௌரி. அந்தப் பையனை யாரும் எடுக்கலன்னா, நீ போயிருப்பியா?"

இல்லை என்று சொல்ல ஒரு விநாடி போதும். இன்று எத்தனை தரம் வேண்டுமானாலும் சொல்வேன். அன்று வாய் வரவில்லை. ஏனென்றால் அந்த மூன்று கிழமையும் முழங்காலைப் பற்றி யோசித்தேனே தவிர, தோற்றால் என்ன செய்வேன் என்று நான் யோசிக்கவேயில்லை. வாக்கென்றால் அண்ணைக்கு வாக்கு. அவருடைய வளர்ப்புத்தானே நானும். போயிருப்பேனோ என்னவோ. அந்தச் சந்தேகம் என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

ரவி எழுந்து தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்தார். "ஆறிப்போச்சுண்ணே, வேற டீ போடறேன்" என்றார். போட்டார், குடித்தோம். வாசல்வரை வந்து வழியனுப்பினார். அதற்குப் பிறகு எங்கள் கந்தோர் லிஃப்ட் பழுதானால் வேறு ஆள் வந்தான். நான் எடுத்த ரெலிபோன்களுக்கு மரியாதையாகப் பேசி மரியாதையாக வைத்தார். மூன்றாம் மாதம் நானும் எடுப்பதை நிறுத்தினேன்.

அன்று திரும்பி வரும்போது ரெயிலில் அண்ணை மடியில் இருந்த கோப்புக்கு மேலே தட்டிக்கொண்டு, "அவன்ரை முகம் போன போக்கைப் பார்த்தியே? இதையும் பாதியிலை விட்டிடுவான்" என்றார்.

"வாயை மூடுங்கோ" என்றாள் அண்ணி. கட்டின நாளிலிருந்து அவள் அவருக்கு அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

அண்ணை என்னைப் பார்த்தார், நான் ஏதாவது சொல்லுவேன் என்று. இத்தனை வருடம் அவரை வாய் கிழிய நக்கலடித்தவள் நான். அவருடைய சாரத்தையும் சோதனையையும் உருண்ட படத்தையும் சொல்லிச் சொல்லிச் சிரித்தவள். அன்றைக்கு அவரை நக்கலடிக்க எனக்கு யோக்கியதை இல்லை. அவர் ரவிக்கு நாற்பத்தொன்பது புள்ளியாவது போட்டார். நான் அந்த மனிதரை, முன்பின் தெரியாத ஒருவனின் முழங்காலில் பந்தயமாகக் கொண்டுபோய் வைத்தேன்.