முந்நூற்றுப் பன்னிரண்டு ‘அது’

எங்கள் அச்சகத்தில் அவருக்குப் பிழையண்ணன் என்று பெயர். பிழை திருத்துகிற அண்ணன் என்பதைச் சோம்பேறி வாய்கள் அப்படிச் சுருக்கிவிட்டன. “நானே ஒரு பிழைங்கிற மாதிரி இருக்கும்மா” என்று ஒருநாள் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். “இல்லையா பின்னே?” என்றேன். சிரித்துவிட்டார். எனக்குக் கொஞ்சம் வாய்த்துடுக்கு. பக்கம் வடிவமைக்கிறவள், விடிந்தால் அடைந்தால் கணினியோடு மல்லுக்கட்டுகிறவள், வேறு எப்படி இருப்பேன்?

அவருடைய மேசை ஜன்னலில்லாத மூலையில், காகிதக் கட்டுகளுக்கும் கழிப்பறைக் கதவுக்கும் நடுவில் இருந்தது. அங்கே இருபத்தாறு வருஷம் சிவப்புப் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்தார். இந்த இடத்தில் ஒற்று மிகுமா மிகாதா என்று ஒரு ‘க்’குக்காக அரைமணி நேரம் சண்டை பிடிப்பார். ஒற்று விடுபட்டால் சோற்றில் கல் கடித்த மாதிரி முகம் சுளிப்பார். மற்றபடி பரம சாது.

ஆள் ஒண்டிக்கட்டை. மனைவி கல்யாணமான மூன்றாம் வருஷமே போய்ச்சேர்ந்துவிட்டாள். ஒரு வீட்டு மாடியில் ஒற்றை அறை. ஒரு கட்டில், நாலு அகராதி, சுவரில் தலைவர் படம். பதினெட்டு வயதில் கொட்டுகிற மழையில் நின்று தலைவர் பேச்சைக் கேட்டாராம். ‘உன் எச்சில் தட்டைக் கழுவுகிறவரையும் நிமிர்ந்து பார்த்து வணங்கு’ என்றாராம் தலைவர். அன்றிலிருந்து அண்ணனுக்கு அவர்தான் எல்லாம். இந்தக் கதையை எனக்கு நூறு தடவையாவது சொல்லியிருப்பார். நூறு தடவையும் அவர் கண் கலங்கும், எனக்குக் கொட்டாவி வரும்.

அச்சகத்தைக் காலையில் பெருக்குகிறவள்தான் சாயங்காலம் அவர் அறையையும் பெருக்குவாள். அண்ணனைத் திட்டுவதற்கு உலகத்தில் மிச்சமிருந்த ஒரே ஆள் அவள். “என்ன சார் இது, நேத்து வச்ச சாப்பாடு அப்படியே கிடக்கு? உடம்பை என்ன இரும்புன்னு நினைப்பா?” என்று ஆரம்பித்தால் விளக்குமாறு ஓயும்வரை ஓயமாட்டாள். அண்ணன் அந்தத் திட்டுக்காகவே ஐந்தரைக்கு மேசையை விட்டு எழுந்து ஓடுவார். பாருங்கள், அவள் என்றுதான் எழுதுகிறேன். அண்ணனைவிட இரண்டு வயது மூத்தவள். ஆனாலும் அண்ணன் ‘அவர்’, அவள் ‘அவள்’. கை தானாக அப்படி ஓடுகிறது.

தலைவரின் நூற்றாண்டு வந்தது. அவர் வீட்டார் அவருடைய நாட்குறிப்புகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். புத்தகமாகப் போடவேண்டும். அண்ணன் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டுதான் அந்த நோட்டுகளைத் தொட்டார். மூன்றாம் நாள் மதியம் சாப்பிட எழவில்லை. “என்னண்ணே, தலைவரைப் படிச்சா பசிக்காதா?” என்றேன். அவர் ஒரு பக்கத்தை என் பக்கம் தள்ளினார்.

தலைவர் வீட்டில் இருபத்திரண்டு வருஷம் ஒரு அம்மாள் சமைத்திருக்கிறாள். அவளைப் பற்றி எழுதியிருந்தார்: ‘அது இன்றும் தாமதமாக வந்தது. காய்ச்சல் என்கிறது. நடிப்பு. பேசாமல் வேறு ஒன்றைப் பார்க்கவேண்டும்.’

நோட்டு நோட்டாக அப்படித்தான். ஒரு இடத்தில்கூட ‘அவள்’ இல்லை. நாய்க்கும் அது, நாற்காலிக்கும் அது, இருபத்திரண்டு வருஷம் ஆக்கிப்போட்ட மனுஷிக்கும் அது. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது.

முதலாளியிடம் கொண்டுபோனார். முதலாளி ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. “எழுத்துப்பிழைதான். எல்லாத்தையும் ‘அவர்’னு மாத்திடுங்க.”

“பிழை இல்லைங்க. அவர் கையெழுத்து.”

“ஊரே கொண்டாடுற மனுஷன். இப்படியே அச்சாச்சுன்னா நம்மளைச் சும்மா விடுவாங்களா?”

“ஒற்றுப்பிழையைத் திருத்தலாம். ஆளைத் திருத்தி அச்சடிக்க எனக்கு உரிமை இல்லை.” அண்ணனின் குரல் உயர்ந்து அன்றைக்குத்தான் கேட்டேன். “சோறு போட்ட மனுஷியைப் போய் அதுன்னு எழுதலாமா? வாய் கூசாது? இவர் பேச்சையா நான் நாற்பது வருஷமா நெஞ்சில வச்சிருந்தேன்?”

கோபத்தில் மேசையை ஓங்கித் தட்டினார். தூசி பறந்தது. அன்று காலையில் யாரும் பெருக்கவில்லை. அண்ணன் கையைத் தட்டிக்கொண்டே என்னைப் பார்த்து எரிச்சலோடு கேட்டார்: “என்ன இவ்வளவு தூசி? அது ஏன் இன்னிக்கு வரலை?”

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும், பொய் சொல்வானேன், சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன் எதற்குச் சிரிக்கிறோம் என்று புரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். புரிந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை.

“அவ்வளவுதான் விஷயம்” என்றார் முதலாளி. “எல்லாரும் சொல்றதுதான். நீங்க சொல்றதில்லையா? பேசாம மாத்திட்டுப் போங்க.”

“நான் சொன்னதையும் மாத்த முடியாது. அவர் சொன்னதையும் மாத்த முடியாது” என்றார் அண்ணன், மெதுவாக.

“அப்ப உங்க இஷ்டம். இங்க வரவேண்டாம்.”

பேனாவையும் மூக்குக்கண்ணாடி உறையையும் பையில் போட்டுக்கொண்டு போனார். எட்டுப் பேர் இருந்தோம். ஒருவர்கூட எழுந்து நிற்கவில்லை. எல்லாருக்கும் திடீரென்று வேலை தலைக்குமேல் இருந்தது. நான் திரையையே முறைத்துக்கொண்டிருந்தேன். வெட்கக்கேடு.

அப்புறம் முதலாளி அந்த வேலையை என் தலையில் கட்டினார். நான் எங்கே ஒவ்வொன்றாகப் பார்ப்பது? கணினியிடம் சொன்னேன்: ‘அது’ என்று எங்கே இருந்தாலும் ‘அவர்’ என்று மாற்று. முந்நூற்றுப் பன்னிரண்டு இடங்களில் மாற்றிவிட்டேன் என்றது. சபாஷ் என்று எழுந்து டீ குடிக்கப் போனேன்.

வெளியீட்டு விழாவில் ஒரு பேராசிரியர் உருக்கமாக வாசித்தார். ‘பல்வலி. அவர் இரவு முழுக்க என்னை விடவில்லை.’ அரங்கில் ஒரு சலசலப்பு. அவர் அவசரமாக இன்னொரு பக்கத்தைப் புரட்டினார். ‘நாய்க்கு உடம்பு சரியில்லை. அவர் எதையும் தின்னவில்லை.’ அரங்கம் கொல்லென்று சிரித்தது. மழைக்கு மரியாதை, மூட்டைப்பூச்சிக்கு மரியாதை. அந்தச் சமையல்கார அம்மாளுக்குத்தான் கிடைக்கவில்லை: ‘அவர் இன்றும் தாமதமாக வந்தது. பேசாமல் வேறு ஒன்றைப் பார்க்கவேண்டும்.’ ‘அது’வை மாற்றிய மேதாவி நான், ‘வந்தது’வையும் ‘ஒன்றை’யும் விட்டுவிட்டேன்.

மறுநாள் முதலாளி என்னைக் கிழித்துத் தோரணம் கட்டினார். “மறுபடி அச்சடிக்கணும். நாய், மழை எல்லாம் திரும்ப ‘அது’ ஆகணும். அந்தம்மா மட்டும் முழுசா ‘அவர்’ ஆகணும். அந்த மனுஷனைக் கையோட கூட்டிட்டு வா.”

சாயங்காலம் புத்தகத்தோடு அண்ணன் அறைக்குப் போனேன். மூன்று வாரத்தில் ஆள் பாதியாகியிருந்தார். தலைவர் படம் சுவரிலேயே இருந்தது. “கழட்டலையா?” என்றேன்.

“கழட்டிட்டா நான் யோக்கியன்னு ஆயிடும்” என்றார்.

பல்வலிப் பக்கத்தைக் காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முதலாளி சொன்னதைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. “அந்தம்மாவை ‘அது’ன்னு அச்சடிக்கச் சம்மதம்னா நாளைக்கே வரேன். இல்லேன்னா வேண்டாம்மா” என்றார். அதற்குள் பெருக்குகிறவள் வந்துவிட்டாள்.

“வாங்க” என்றார் அண்ணன், பாதி எழுந்து.

அவள் வாசலிலேயே நின்றாள். “ஏம்மா, நீயே கேளு இவரை. மூணு வாரமா வாங்க போங்கங்கிறாரு. முன்னாடியெல்லாம் வாம்மான்னு வாய் நிறையக் கூப்பிடுவாரு. நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டேனா? வேலையை விட்டு நிறுத்தப் போறீங்களா சார்? நேரா சொல்லிடுங்க.” பயந்துபோயிருந்தாள். திட்டுகிற வாயா இது என்று இருந்தது.

“நீங்க ஒண்ணும் பண்ணலை. நான்தான்” என்றார் அண்ணன். “இத்தனை வருஷமா உங்களை நான் ‘அது’ன்னுதான் சொல்லியிருக்கேன். அது வந்துச்சா, அது போச்சான்னு. மன்னிச்சிடுங்க.”

அவளுக்குப் புரியவில்லை. “என்னை எப்ப சார் அப்படிச் சொன்னீங்க? நான் கேட்டதே இல்லையே.”

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அவளுக்கு விஷயம் மெல்ல மெல்லப் புரிவதை அவள் முகத்தில் பார்த்தேன்.

“ஓ... நான் இல்லாதப்பவா?”

அவள் விளக்குமாற்றை எடுத்தாள். கட்டிலுக்கடியில்கூட விடாமல் பெருக்கினாள். நேற்றைய சாப்பாடு மூடியபடி மேசையில் கிடந்தது; பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. கையைக் கழுவிவிட்டு என்னிடம் வந்தாள்.

“அங்க ஆபீஸ்ல எல்லாருமே அப்படித்தான் சொல்வீங்களா? நீயும்மா?”

“சேச்சே, இல்லக்கா” என்றேன்.

“இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் அக்காங்கிற” என்றாள். இடுப்பிலிருந்து அறைச் சாவியை எடுத்து மேசையில் வைத்தாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

அவள் படியிறங்கும் சத்தம் ஓய்ந்தது. அண்ணன் சாவியைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

“நானும் உன்னை மாதிரி ஒரு பொய்யைச் சொல்லித் தொலைச்சிருக்கலாம். நாளைக்கு அது வந்திருக்கும்ல?” என்றார்.

அவர் சொன்னது அவர் காதில் விழவேயில்லை. நான் திருத்தவில்லை.