முப்பத்தொண்ணுதான் தெரியறது

நான் மைக்ராஸ்கோப் பழுது பார்க்கிறவன். திருவனந்தபுரத்தில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போனபோதுதான் அந்த அம்மாவைப் பார்த்தேன். எண்ணெய்ப்பனையின் வேர்நுனியைக் கண்ணாடியில் வைத்து நசுக்கி, குரோமோசோம்களை எண்ணுவது அவர் வேலை. ஓய்ந்துபோன கண்கள், சாயமேறிச் சிவந்த கட்டைவிரல். மற்றவர்களிடம் மலையாளம் பேசினார். எண்ணும்போது மட்டும் உதட்டுக்குள் தமிழ்.

லென்ஸைத் துடைத்துக் கொடுத்தேன். குனிந்து மூன்று முறை எண்ணினார்.

"முப்பத்தொண்ணுதான் தெரியறது" என்று ஸ்லைடை ஒதுக்கிவைத்தார். காலையிலிருந்து ஒன்றுகூடத் தேறவில்லையாம்.

"எண்ணெய்ப்பனைக்கு முப்பத்திரண்டுன்னு சுவத்துப் படத்துலயே போட்டிருக்கே மேடம். அப்படியே எழுதிரலாமே?"

"ஒண்ணு இன்னொண்ணுக்கு அடியில கிடக்கும். அது எனக்கும் தெரியும். ஆனா நான் பாக்கலையே" என்றவர், கண்ணைக் கசக்கிக்கொண்டு அடுத்த வேரை எடுத்தார்.

மைக்ராஸ்கோப்பின் நான்கு லென்ஸையும் சோதித்ததாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் படியிறங்கினேன். சோதித்தது ஒன்றைத்தான். தம்பானூர் ஸ்டேஷனில் நாகர்கோவில் வண்டிக்கு நேரமாகிவிட்டது. கேட் வரை போனவன், முனகிக்கொண்டே திரும்ப மாடியேறினேன்.

என்னைப் பார்த்ததும் அவர் எழுந்து நாற்காலியை விட்டார்.

இன்றைக்கும் கடைசி லென்ஸ்வரை பார்த்துவிட்டு வண்டியைத் தவறவிடும்போதெல்லாம் அந்த அம்மாவைத்தான் திட்டுகிறேன்.