கடைசி வரியில் ஒரு போன்

செம்பூர் ஆபீசிலிருந்து தாராவிக்குத் திரும்பும் பஸ்ஸில் நாலு வரிக் கதைகள் எழுதி இன்ஸ்டாகிராமில் போடுவது என் வழக்கம். நாலு வரிதான் என்றாலும் லேசில் வந்துவிடாது. கடைசி வரி படிப்பவனைத் தூக்கிவாரிப் போட வேண்டும். இல்லையென்றால் விரல் அடுத்த ரீலுக்குப் போய்விடும். இந்தப் பாழாய்ப்போன கடைசி வரிக்காகக் கதைகளில் எத்தனையோ பேரைச் சாகடித்திருக்கிறேன்.

அண்ணன் நிஜமாகவே செத்துப்போனான். லோக்கல் ரயில் வாசலில் தொங்கிக்கொண்டு வந்தவன் சயான் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் விழுந்துவிட்டான். வெகுநாள் அவனைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுத வரவில்லை. பிறகு ஒருநாள் வந்தது. கூட்டம், வாசல், கம்பியைப் பிடித்த கை என்று மூன்று வரி. நாலாவது அமையவே இல்லை. நானாக ஒன்று சேர்த்தேன்: 'சட்டைப் பையில் போன் அடித்தது, வீட்டிலிருந்துதான்.' அதற்கு விழுந்த லைக் வேறெதற்கும் விழுந்ததில்லை. வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன்.

வீட்டில் யாரும் படிக்க மாட்டார்கள் என்ற தைரியம் எனக்கு. மதினி, அதாவது அண்ணனின் மனைவி, இங்கே மும்பையிலேயே பிறந்து இந்தி மீடியத்தில் படித்தவள். தமிழ் பேசுவாள், எழுத்துக்கூட்டிப் படிக்கக்கூடத் தெரியாது. ஆனால் எங்கள் குடும்ப வாட்ஸப் குரூப்பில் ஒரு பழக்கம் உண்டு. மதினியைப் போன்றவர்களுக்காக, சுனாபட்டியில் இருக்கும் அத்தை தமிழில் வருவதையெல்லாம் வாய்விட்டுப் படித்து வாய்ஸ் மெசேஜ் போடுவாள். யாரோ குரூப்பில் போட்ட என் கதையையும் நம்ம பிள்ளை எழுதியது என்று படித்து அனுப்பிவிட்டாள், அழுதுகொண்டே.

நான் வீட்டுக்குள் நுழைந்தபோது மதினி போனைக் காதில் வைத்தபடி அடுப்பங்கரையில் உட்கார்ந்திருந்தாள்.

"இது ஒங்க அண்ணன்தான தம்பி?"

"கத மதினி. சும்மா எழுதுனது."

"போன் அடிச்சதுமா?"

"ஆமா, சத்தியமா. முடிவு வேணுமேன்னு நானா சேத்தது."

அவள் போனைக் காதிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள்.

"அன்னைக்கு நான் போன் போட்டேன். வரும்போது பாவ் ரொட்டி வாங்கிட்டு வாங்கன்னு சொல்ல. ரிங் போச்சு, எடுக்கல. இத நான் ஒருத்தர்ட்டயும் சொல்லல. ஒனக்கு யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை, எனக்கு ஒன்றுமே தெரியாது என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவள் காதில் ஏறவில்லை.

"போன எடுக்கப் போயித்தான் விழுந்தாங்களா? சொல்லு தம்பி" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள், நான் அவன் பக்கத்தில் நின்று பார்த்தவனைப் போல.