முதலாளியிடம் பேசியாச்சு

சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு முதல் கூட்டத்துக்குப் புறப்பட்ட அன்று, எங்கள் முதலாளி தன் சொந்த பஸ்ஸிலேயே டிக்கெட் வாங்கிக்கொண்டு திருச்சி ஜங்ஷனுக்குப் போனார். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் மாலைகளோடு நின்றிருந்தவர்கள் அவருக்காக ஒரு காரைக் கொண்டுவந்திருந்தார்கள். அவர் அவர்களைக் கும்பிட்டுவிட்டு, கையில் சின்னத் தோல்பெட்டியோடு பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். முதலாளிக்கு எப்படி டிக்கெட் கிழிப்பது என்று கண்டக்டர் தயங்கினார். ஸ்டியரிங்கில் இருந்த பெரிய டிரைவர் திரும்பிப் பார்த்து, "கிழிச்சுக் கொடுப்பா. அவரு இனிமே நமக்கு முதலாளி மட்டும் இல்ல, வேலைக்காரரும்தான்" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் முதலாளிதான். ஆபீஸ் வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்த நானும் சிரித்தேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அந்த பஸ் கம்பெனியில் வேலை பார்த்த ஒரே பெண் நான்தான்.

மேலப்புதூரில் மாதா கோயிலுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. அப்பா ரயில்வேயில் வேலை பார்த்து, பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். நான் டைப்ரைட்டிங் பாஸ் செய்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தபோது, பஸ் ஷெட்டும் ஆயில் நாற்றமுமாக இருக்கும் இடத்துக்குப் பெண்பிள்ளையை அனுப்புவதா என்று அம்மா அழுதாள். முதலாளியே வீட்டுக்கு வந்து அப்பாவின் கட்டிலருகே முக்காலி போட்டு உட்கார்ந்து, "உங்க பொண்ணை என் தங்கச்சி மாதிரி பார்த்துக்கறேங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது வெறும் பேச்சாக இல்லை. ஒன்பது பஸ்ஸுக்குச் சொந்தக்காரராக இருந்தும் கடைசிவரை என்னை 'வாங்கம்மா, உட்காருங்கம்மா' என்று மரியாதையோடுதான் கூப்பிட்டார்.

அவர் பணக்காரராகப் பிறந்தவர் இல்லை. யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரிவாயுவில் ஓடியபோது, வண்டிக்குப் பின்னால் நின்று கரி அள்ளிப் போடும் வேலையில் சேர்ந்தவர். அந்த வண்டியை ஓட்டியவர்தான் பெரிய டிரைவர். இரண்டு பேரும் ஒரே டீயைப் பாதியாக ஊற்றிக் குடித்த காலம் அது என்று இருவருமே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். பிறகு முதலாளி பழைய வண்டி ஒன்றை வாங்கி, திருச்சியிலிருந்து மண்ணச்சநல்லூர் வழியாகத் திருவெள்ளறைக்கு விட்டார். அதை ஓட்ட அந்த டிரைவரே வந்தார். வண்டிகள் பெருகின. ஒருவர் முதலாளியானார், மற்றவர் பெரிய டிரைவரானார். தனியாக இருக்கும்போது மட்டும் அவர் முதலாளியை 'டேய்' என்று கூப்பிடுவதை நான் கேட்டிருக்கிறேன். அடுத்த ஆள் வந்துவிட்டால் 'முதலாளி'தான்.

தேர்தலில் அவர் ஜெயித்ததற்குக் காரணம் கட்சியென்று நான் நினைக்கவில்லை. அந்தப் பக்கத்துக் கிராமங்களில் அவர் பஸ்ஸில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போகாத வீடு இல்லை. பிரசவ வலியோடு ஒரு பெண் ரோட்டோரம் நின்றால் வழியில் எங்கும் நிற்காமல் நேராக ஆஸ்பத்திரி வாசலுக்கே வண்டியை விடச் சொல்லியிருந்தார். சபையில் அவர் பேசிய முதல் பேச்சை நான்தான் டைப் அடித்தேன். பஸ் ஸ்டாண்டுகளில் பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும் என்பதுதான் அது. திரும்பி வந்ததும், "சிரிச்சாங்கம்மா, மேசையைத் தட்டித் தட்டிச் சிரிச்சாங்க" என்றார். "இத்தனை வருஷம் பஸ் விட்ட எனக்கே, நீங்க வேலைக்கு வந்த பிறகுதானே இது தோணிச்சு. அவங்களைச் சொல்லி என்ன பண்றது." பிறகு என்னையே அந்தப் பேச்சை மறுபடி டைப் அடிக்கச் சொல்லி, ஒவ்வொரு கூட்டத்திலும் அதே கோரிக்கையை வைத்தார்.

சபை நடக்கும் நாட்களில் கம்பெனியை மேனேஜர் பார்த்துக்கொண்டார். மேனேஜர் முதலாளியின் மனைவிக்குத் தம்பி. கெட்டவர் என்று சொல்லமாட்டேன். மாமா பெயர் பெரிதாகிக்கொண்டே போகும்போது, வண்டி ஒன்றுகூட நிற்கவில்லை என்று அவரிடம் காட்டவேண்டும் என்ற பதற்றம் அவருக்கு. தினமும் காலை ஒன்பது மணிக்கு மெட்ராஸிலிருந்து முதலாளியின் டிரங்க் கால் வரும். மூன்று நிமிஷம்தான் பேசலாம். பெரும்பாலும் நான்தான் எடுப்பேன்.

அது ஒரு புதன்கிழமை. சாயங்காலம் வண்டியை ஷெட்டில் விட்டுவிட்டு வந்த பெரிய டிரைவர், பழுது எழுதும் நோட்டில் நின்றபடியே எழுதினார். பிரேக் மிதி அடிவரைக்கும் போகிறது, வண்டி நிற்க நேரமாகிறது, சரிபார்க்காமல் எடுக்கக்கூடாது என்று. எழுதிவிட்டு என்னிடம், "தங்கச்சி, நாளைக்குக் காலையில முதலாளி ஃபோன்ல வருவாருல்ல, இதை ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்றார். அவர் போனதும் மேனேஜர் நோட்டைப் பார்த்தார். ஏற்கெனவே இரண்டு வண்டிகள் ஷெட்டில் பிரித்துக் கிடந்தன. "இதுவும் நின்னா திருவெள்ளறைக்கு யாரு போறது? ஞாயித்துக்கிழமை பார்த்துக்கலாம். மாமாகிட்ட இதெல்லாம் சொல்லி அவரைக் குழப்பவேணாம்" என்றார்.

மறுநாள் காலை ஃபோன் வந்தபோது மேனேஜர் என் மேசைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். முதலாளி வழக்கம்போல அப்பாவின் உடம்பைக் கேட்டார். பிறகு, "விசேஷம் ஏதாவது உண்டாம்மா?" என்றார். நான் மேனேஜரைப் பார்த்தேன். அவர் மேசை மேல் இருந்த நோட்டின் மீது கையை வைத்திருந்தார். "ஒண்ணும் இல்லைங்க" என்றேன். அந்தப் பக்கம் ஒரு விநாடி சத்தமே இல்லை. "சரிம்மா, நேரமாச்சு, வெச்சிடறேன்" என்றார்.

நான் ரிசீவரை வைக்கும்போது பெரிய டிரைவர் ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்தார். தோளில் துண்டு, கையில் வெற்றிலை. "முதலாளிதானே? பேசியாச்சா தங்கச்சி?" என்று கேட்டார். நான் சொன்ன பதிலில் பொய் ஏதும் இல்லை. இத்தனை வருஷமாக என்னை நான் ஏமாற்றிக்கொள்ளப் பயன்படுத்திய சமாதானமும் அதுதான். "பேசியாச்சுண்ணே" என்றேன். மேனேஜர் உள்ளிருந்தபடி, "ஞாயித்துக்கிழமை பார்த்துக்கலாம், வண்டியை எடுங்க" என்றார். பெரிய டிரைவர் கொஞ்சம் யோசித்தார். "முதலாளி சொன்னா சரிதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியான டிரிப்பில் வாய்க்கால் பாலத்துக்கு இறங்கும் சரிவில் எதிரே ஒரு நெல் வண்டி வந்திருக்கிறது. பெரிய டிரைவர் மாடுகளையும் வண்டிக்காரரையும் காப்பாற்றிவிட்டார். பஸ்ஸைக் காப்பாற்ற முடியவில்லை. வாய்க்காலில் தண்ணீர் நிறைய ஓடிய நாட்கள் அவை. பெரிய டிரைவரோடு சேர்த்து ஐந்து பேர் போனார்கள். அதில் ஒருத்தி கல்யாணப் புடவை எடுக்க டவுனுக்கு வந்துவிட்டு, புடவைப் பொட்டலத்தோடு ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தவள். நனையாமல் இருக்க அவள் அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்ததாகச் சொன்னார்கள். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கை என் கண்ணிலிருந்து போனதே இல்லை.

முதலாளி மறுநாள் காலை ரயிலில் வந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே பெரிய டிரைவரின் காலடியில் உட்கார்ந்தவரை இரண்டு பேர் சேர்ந்துதான் எழுப்பவேண்டியிருந்தது. அதற்குள் ஊரில் பேச்சு வேறு மாதிரி ஆகியிருந்தது. டிரைவர் வேகமாக வந்தார், வயசாகிவிட்டது, கண் சரியில்லை என்று சொன்னார்கள். கட்சிக்காரர்களும் வக்கீலும் அப்படியே இருக்கட்டும் என்றார்கள். இறந்தவருக்கு இனி என்ன நஷ்டம் என்று ஒருவர் என் காதுபடச் சொன்னார். முதலாளிக்கு நோட்டைப் பற்றித் தெரியாது. மேனேஜர் அதைத் தன் மேசை டிராயரில் போட்டுப் பூட்டியிருந்தார்.

பத்து நாள் நான் தூங்கவில்லை. பதினோராம் நாள் மேனேஜர் கோர்ட்டுக்குப் போயிருந்தபோது, ஆபீஸில் இருந்த மாற்றுச் சாவியால் டிராயரைத் திறந்து நோட்டை எடுத்து முதலாளியின் முன்னால் வைத்தேன். அவர் படித்தார். அந்தக் கோணல் கையெழுத்தை விரலால் தடவினார். "இது நான் ஃபோன் பண்ணினதுக்கு முந்தியாம்மா, பிந்தியா?" என்று கேட்டார். அவர் இரண்டாம் முறை கேட்கவில்லை. மெஷினில் காகிதத்தை மாட்டச் சொன்னார்.

விசாரணை அதிகாரிக்கு அவர் சொல்லச் சொல்ல நான் அடித்த கடிதம் மிகவும் சின்னது. பிரேக் பழுதாகியிருப்பது முந்தின நாளே என் கம்பெனிக்கு எழுத்து மூலம் தெரிவிக்கப்பட்டது. அதற்குப் பிறகும் வண்டி அனுப்பப்பட்டது. டிரைவர் மீது எந்தக் குற்றமும் இல்லை. முழுப் பொறுப்பும் என்னுடையது. அவ்வளவுதான். என் விரல்கள் நின்றுவிட்டன. "உங்களுக்கு இது தெரியாதுன்னு ஒரு வரி போடலாமேங்க" என்றேன்.

"தெரியாதுன்னு எழுதினா, யாருக்குத் தெரியும்னு அடுத்த வரியில எழுதணுமேம்மா" என்றார்.

அன்றைக்கே சபைக்கு ராஜினாமாவும் எழுதினார். ஐந்து வருஷத்தில் பாதிகூட முடியவில்லை. கட்சிக்காரர்கள் அவர் வீட்டுத் தெருவுக்கே வருவதை நிறுத்திக்கொண்டார்கள். வழக்கு நடந்து, வண்டிகள் ஒவ்வொன்றாக வேறு கைகளுக்குப் போயின. மேனேஜர் குடும்பத்தோடு கோயமுத்தூர் போய்விட்டார். அவரைப் பற்றியும் முதலாளி எங்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்படியும் அவர் மனைவிக்கு ஆறவில்லை. "ஊரு உங்களை நல்லவருன்னு சொல்றதுக்காக என் தம்பியை ஊரை விட்டே அனுப்பினீங்க" என்று சொல்லிவிட்டுப் பிறந்த வீட்டுக்குப் போனவர் திரும்பவில்லை. எனக்கு மட்டும் வேறொரு ஆபீஸில் வேலை கிடைத்தது. சிபாரிசுக் கடிதம் அவர் எழுதியது.

இறந்துபோனவர்களின் வீடுகளுக்கு அவர் தனியாக நடந்து போனார். நான்கு வீடுகளில் உள்ளே விட்டார்கள். அதில் ஒரு வீட்டில் செருப்பைக் கழற்றி அடித்தார்கள், பிறகு உட்காரச் சொன்னார்கள். கதவே திறக்காதது ஒரு வீடுதான். அது திருவானைக்காவில் இருந்த பெரிய டிரைவரின் வீடு. முதலாளி எத்தனையோ நாள் சாப்பிட்ட வீடு. ஒருமுறை நானும் கூடப் போனேன். உள்ளேயிருந்து பெரிய டிரைவரின் மனைவியான அந்த அக்காவின் குரல் மட்டும் வந்தது. "எழுதிக் கொடுத்தும் பரவாயில்லன்னு சொல்லி ஏத்தி அனுப்பினவருகிட்ட எனக்கு என்ன பேச்சு இருக்கு? போகச் சொல்லுங்க." முதலாளி மறுக்கவில்லை. வெயிலில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மூடிய கதவைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். வருஷத்துக்கு ஒருமுறை, அந்த நாளன்று, அவர் அங்கே போய் நின்றுவிட்டு வருவது வழக்கமாயிற்று.

அறுபதுகளின் கடைசியில் ஸ்ரீரங்கத்தில் ஒரு ஒண்டுக்குடித்தனத்தில் அவர் படுத்த படுக்கையாக இருந்தார். ஞாயிறு பூசை முடிந்து நான் கஞ்சி கொண்டுபோவேன். ஒருநாள் அவர் கட்டிலருகே மண்டியிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மேனேஜர் பக்கத்தில் நின்றதை, ஜன்னலில் பெரிய டிரைவர் கேட்டதை, நான் சொன்ன 'பேசியாச்சு'வை. பாவசங்கீர்த்தனத்தில் பாதிரியாரிடம்கூட நான் அதைச் சொன்னதில்லை. அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் இல்லைங்கன்னு நீங்க சொன்னப்பவே, உங்க குரல் சரியில்லைன்னு தெரிஞ்சுதும்மா" என்றார். "என்னன்னு கேட்டிருக்கலாம். சபையில அன்னிக்கு என் கேள்வி இருந்துது. ஃபோனை வெச்சிட்டேன்." பிறகு என் தலையில் கை வைத்து, "இதை யாருகிட்டயும் சொல்லாதீங்க. நீங்க இன்னும் ரொம்ப நாள் வாழவேண்டியவங்க" என்றார். அடுத்த மாதம் போய்விட்டார். கொள்ளிடக்கரைச் சுடுகாட்டுக்கு அவரோடு வந்தவர்களை இரண்டு கை விரல்களில் எண்ணிவிடலாம் என்று அண்டை வீட்டுக்காரர் வந்து சொன்னார்.

இப்போது எனக்கு எண்பது தாண்டிவிட்டது. தில்லை நகரில் மகள் வீட்டில் இருக்கிறேன். இங்கே எல்லோர் சட்டைப்பையிலும் ஒரு ஃபோன். நாள் முழுக்க யாராவது யாரிடமாவது 'ஒண்ணும் இல்லை' என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் என் கை தானாக இறுகிக்கொள்கிறது. ஒருநாள் பேத்தி, "ஏன் பாட்டி?" என்று கேட்டாள். நான் அவளிடமும் அதையே சொன்னேன். ஒண்ணும் இல்லை.

முதலாளியின் பேச்சை நான் ஒரே ஒரு முறை மீறினேன். அவர் இறந்து நாற்பது நாள் கழித்து திருவானைக்காவுக்குப் போனேன். அந்த அக்கா ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயாவாக வேலை பார்த்துவிட்டு அப்போதுதான் வந்து, வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். என்னை உள்ளே கூட்டிப்போய்ப் பாயைப் போட்டார். நான் உட்காராமல் நின்றபடியே சொன்னேன். முதலாளிக்கு எதுவும் தெரியாது. நான் அவரிடம் சொல்லவேயில்லை. அண்ணன் கேட்டபோது பேசியாச்சு என்றது நான்தான். அந்த அக்கா என்னை அடிப்பார், துப்புவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவர் ஈரக் காலோடு வாசற்படியில் போய் உட்கார்ந்தார். தெருவில் ஓரிடத்தைக் காட்டினார்.

"வருஷா வருஷம் இங்கதான் வந்து நிப்பாரு" என்றார். "போன வருஷம் குடை பிடிச்சுக்கிட்டு நின்னாரு, மழையில. நான் ஜன்னல் இடுக்கு வழியாப் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்."

பிறகு என் பக்கம் திரும்பினார். குரலில் கோபமே இல்லை.

"ஒரு வருஷம் முன்னாடி வந்து இதைச் சொல்லியிருக்கக்கூடாதாம்மா? கதவைத் திறந்திருப்பேனே."