முதற்பக்கத்தில் அவர் பெயர்

சிட்னியில், வென்ட்வேர்த்வில் பக்கத்தில் இருந்துகொண்டு, ஷவர் ஒழுகுகிறது என்று யாராவது போனில் தட்டித் தேடினால் முதற்பக்கத்தில் என் கணவர் வருவார். அவரை அங்கே கொண்டுபோய் வைத்தது நான். இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை.

அவர் இலங்கையிலிருந்து படகில் வந்தவர். வந்ததும் முகாமில் அடைத்து வைத்து, பிறகு வெளியே விட்ட நாளிலிருந்து டைல்ஸ் பதிக்கிற வேலைதான். எங்கள் ஆள் ஒருவர், கட்டட வேலைகளை ஒப்பந்தத்தில் எடுக்கும் பெரிய கொந்தராத்துக்காரர், அவரிடம் இவர் எட்டு வருடம் முழங்காலில் நின்று வேலை செய்தார். சொந்தமாகச் செய்யப்போகிறேன் என்று சொன்ன அன்று அந்த மனிதர் சிரித்தாராம்.

“போம், போய்ப் பாரும். மூண்டு மாசத்திலை திரும்பி வருவீர். அதுவரைக்கும் உம்மட இடத்தை ஒருத்தருக்கும் குடுக்க மாட்டன்.”

கெட்ட மனதோடு சொன்னார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இவர் வீட்டுக்கு வந்து அதை ஒப்புவித்தபோது எனக்குச் சுள்ளென்று ஏறியது. சரி, மூன்று மாதம்தானே, பார்த்துவிடுவோம் என்றேன். அதற்குள் சொந்தமாக வேலை வராவிட்டால் அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அந்த வாசலுக்கே போக வேண்டும். அதை நான் பார்க்கத் தயாராக இல்லை.

நான் ஒரு பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறேன். புதிதாக வருகிறவர்கள் நிரப்பும் படிவத்தில், எங்களை எப்படி அறிந்தீர்கள் என்று ஒரு கேள்வி உண்டு. முக்கால்வாசிப் பேர் இணையத்தில் தேடி வந்ததாகத்தான் எழுதுவார்கள். பல்லுக்கு வருகிறவர்கள் டைல்ஸுக்கு வர மாட்டார்களா? சனிக்கிழமைகளில் நூலகத்தில் நடந்த சிறுதொழில் வகுப்பில் போய்க் குந்தினேன். இரண்டு வகுப்பு முடிவதற்குள் எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். என் சுபாவம் அப்படி.

தொழிலுக்கு சிட்னி, பிரீமியம் என்றெல்லாம் போட்டு நீளமாக ஒரு ஆங்கிலப் பெயர் வைத்தேன். இணையப் பக்கத்தில் உலகத்தரம், ஒப்பற்ற சேவை என்று அள்ளிக் கொட்டினேன். இரண்டு கிழமையில், பதினாலு நாளில், ஒரேயொரு அழைப்பு வந்தது. இவர் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போய் எடுத்தார். உங்களை முதற்பக்கத்துக்குக் கொண்டுவருகிறோம், மாதக் கட்டணம் இவ்வளவு என்று ஒருவன் பேசினான்.

வகுப்பில், வாடிக்கையாளர்கள் நட்சத்திரம் போட்டு நாலு வரி எழுதினால் பக்கம் மேலே வரும் என்று சொல்லியிருந்தார்கள். எங்களுக்கு வாடிக்கையாளர்தான் இல்லை. சொந்தக்காரருக்கா பஞ்சம்? ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, போனில் இருக்கும் எங்கள் குடும்பக் குழுவில் செய்தி போட்டேன். எல்லோரும் ஐந்து நட்சத்திரம் போட்டு நல்லதாக எழுதுங்கோ.

எங்கள் சனத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கேட்டால் செய்யும். எங்கே, ஏன் என்று விசாரிக்காமல் செய்யும். பின்னேரத்துக்குள் கனடாவும் லண்டனும் நோர்வேயும் எழுதித் தள்ளிவிட்டன. ஒஸ்ரேலியாவை மேப்பில் மட்டும் பார்த்திருந்த பாரிஸ் மச்சான், தன் குளியலறை பளபளக்கிறது என்று எழுதினார். டொரன்டோச் சித்தி எங்கள் கலியாணப் படத்தைப் போட்டு, சின்ன வயதிலிருந்தே நல்ல பிள்ளை என்று சான்றிதழ் கொடுத்தார். நாங்கள் இருவரும் ஒவ்வொன்றாக வாசித்து விழுந்து விழுந்து சிரித்தோம். உண்மையைச் சொன்னால், பெருமையாகவும் இருந்தது.

புதன்கிழமை அத்தனையும் போய்விட்டன. அவற்றோடு எங்களையும் தேடல் தளத்துக்காரர் தூக்கிவிட்டார்கள். எங்கள் நீளப் பெயரை எழுத்துக்கு எழுத்து தட்டினாலும் இணைய வரைபடத்தில் ஒன்றுமில்லை. பொய்யான மதிப்புரைகள் என்று ஒரு வரி விளக்கம். நான் மேசையில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். அவர் எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். “விடும், நீர் எனக்காகத்தானே செய்தனீர்” என்றார். அவர் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

திரும்பச் சேர்க்க அத்தாட்சி கேட்டார்கள். வேனின் படம், டைல்ஸ் வேலை ஆயுதங்களின் படம், தொழில் உரிமம். உரிமத்தில் இருந்ததோ அவருடைய முழுப்பெயர். அந்தப் பகட்டுப் பெயருக்கு எங்களிடம் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை.

“அப்ப உங்கட பேரிலேயே போடுவம்” என்றேன்.

“என்ர பேரோ? இவங்களுக்கு வாயிலை வராது.”

“வர வேண்டாம். தட்டினால் காணும், அதுவே போதும்.”

“உமக்குத் தெரியாது. முகாமிலை என்னை நம்பர் சொல்லித்தான் கூப்பிட்டவங்கள். மூண்டு இங்கிலிஷ் எழுத்து, பிறகு ஒரு இலக்கம். வேலையிலை பேரை வெட்டிக் கட்டையாக்கி வைச்சாங்கள். எனக்கு அது பழகிப் போச்சு.”

அவர் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. சோற்றுக்கு உப்புக் கேட்கிற மாதிரிச் சொன்னார். எனக்குத்தான் நெஞ்சு எரிந்தது. அன்றே அவருடைய முழுப்பெயரைப் போட்டு விண்ணப்பத்தை அனுப்பினேன். பிடிவாதம் என்றால் பிடிவாதம்தான்.

பதில் வரும்வரை பக்கத்தைத் திருத்தி எழுத உட்கார்ந்தேன். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, “ஆக்கள் டைல்ஸ் வேணும் எண்டு கூப்பிடுறேல்லை. அறைச் சுவர் ஊறுது, கார்ப்பெட் நனையுது எண்டுதான் கூப்பிடுவினம்” என்றார். வகுப்பில் மூன்று சனிக்கிழமை சொல்லியும் என் மண்டையில் ஏறாதது அந்த ஒரு வசனத்தில் ஏறியது. உலகத்தரத்தையெல்லாம் அழித்தேன். அவர் கதிரையில் இருந்து சொல்லச் சொல்ல நான் தட்டினேன். ஷவருக்குப் பின்னால் இருக்கும் சுவர் ஏன் ஈரமாகிறது? டைல்ஸை உடைக்காமல் திருத்தலாமா? எத்தனை நாள் குளிக்க முடியாது? ஒரு கேள்விக்கு ஒரு பக்கம். அவர் செய்த வேலைகளின் படங்களையும், செய்த இடங்களையும் சேர்த்தேன். செய்யாத ஊரின் பெயர் ஒன்றையும் போடவில்லை. பட்டது போதும்.

வரைபடத்தில் மறுபடி சேர்த்தார்கள். வேலை ஒன்றிரண்டு வரத் தொடங்கியது. ஆனால் மதிப்புரை ஒன்றுமில்லை. வேலை முடிந்த வீடுகளில் கொடுக்கச் சொல்லி, கியூஆர் சதுரக் குறி போட்ட சின்ன அட்டைகள் அடித்து அவரிடம் கொடுத்திருந்தேன், போனில் பிடித்தால் நேரே எழுதலாம். ஒருநாள் வேனைத் துப்பரவு செய்யும்போது பார்க்கிறேன், டைல்ஸ் வெட்டும் மெஷினுக்குக் கீழே அந்தக் கட்டு பிரிக்காமல் கிடக்கிறது. ஏன் கொடுக்கவில்லை என்று அவரைக் கேட்டேன்.

“வேலைக்குக் காசு தந்திட்டினம். பிறகு என்னைப் புகழுங்கோ எண்டு கேக்கிறதோ? வெக்கமில்லையே?”

எனக்கு வந்த கோபத்தில் வளவு முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். “பாரிஸிலை இருக்கிறவரிட்டைப் பொய் எழுதித் தரச் சொல்லிக் கேக்கேக்குள்ள எங்கள் ரெண்டு பேருக்கும் வெக்கமில்லை. செய்த வேலைக்கு உண்மையை எழுதச் சொல்லிக் கேக்க மட்டும் வெக்கமோ?”

அவர் கட்டைப் பிரித்து நாலு அட்டையைச் சட்டைப் பையில் வைத்தார்.

அந்தக் கிழமை, பக்கத்து பென்டில் ஹில்லில் ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண்மணி வீட்டில் வேலை. அவரிடம்தான் இவர் முதல் அட்டையைக் கொடுத்தாராம், முகத்தைப் பார்க்காமல். இரண்டு நாள் கழித்து அந்தப் பெண்மணி எழுதிய மதிப்புரை வந்தது, இப்படி: சொன்ன நேரத்துக்கு வந்தார். டைலைக் கழற்றி, தண்ணீர் எங்கே போகிறது என்று எனக்குக் காட்டினார். முன்பு வந்தவர் மேலால் பூசிவிட்டுப் போய்விட்டார். போகும்போது என் நடைபாதையையும் கூட்டிவிட்டுப் போனார். அவருடைய பெயரை எழுதித் தரச் சொல்லி நான் பழகிக்கொண்டேன், நீங்களும் பழகிக்கொள்ளுங்கள், பெயரைச் சொல்லிக் கேளுங்கள். அவ்வளவுதான். என் கணவர் அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு நான் சொல்லாமலே எல்லோருக்கும் அட்டை கொடுத்தார்.

மூன்று மாதம் முடிய இரண்டு நாள் இருந்தது. சனிக்கிழமை காலை. கொந்தராத்துக்காரரின் செய்தி வந்திருந்தது, திங்கள் வாறீரோ என்று. இவர் அதற்குப் பதில் எழுதாமல் வளவில் வாளிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். அடுத்த கிழமைக்கு இரண்டு வேலைதான் இருந்தது, அதற்கடுத்த கிழமைக்கு ஒன்றுமில்லை. நான் படியில் இருந்து, என்ன சொற்களைத் தட்டி எங்கள் பக்கத்துக்கு வருகிறார்கள் என்ற பட்டியலைத் திறந்தேன். வழக்கமாக மேலே நிற்பது ஒழுகும் ஷவர்தான். அன்றைக்கு அது இரண்டாவதாக நின்றது. முதலாவதாக நின்றது அவருடைய பெயர்.

“இஞ்ச வந்து பாருங்கோ.”

ஈரக் கையோடு வந்து குனிந்து பார்த்தார். “இதை ஆர் தட்டினது? எங்கட சனமோ?”

“இல்லை. எல்லாம் இஞ்ச சிட்னியிலை இருக்கிற ஆக்கள். எனக்கும் ஆரெண்டு தெரியாது.”

“முழுப் பேரையுமோ?”

“முழுப் பேரையும்தான்.”

அவர் நிமிரவில்லை. திரையில் அந்த வரியையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்போது போன் அடித்தது. ஒலிபெருக்கியில் போட்டார். ஒரு பெண்குரல், அவருடைய பெயரை மூன்றாக உடைத்து, நடுவில் ஒருதரம் தடுக்கி, மன்னிப்புக் கேட்டு, முதலிலிருந்து தொடங்கிக் கடைசி எழுத்துவரை சொல்லி முடித்தது. அவர்தானா பேசுவது என்று கேட்டது.

வழக்கமாக இந்த இடத்தில் அவர் அந்தக் கட்டைப் பெயரைச் சொல்லி, அப்படிக் கூப்பிட்டால் போதும் என்பார். நான் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“யெஸ்,” என்றார். “தட் இஸ் மை நேம்.”

பிறகு எந்த இடம், எந்தச் சுவர் ஊறுகிறது என்று விசாரித்தார். நான் பேனையை எடுத்துக் கொடுத்தேன். கதைத்து முடித்ததும் கொந்தராத்துக்காரருக்கு, வர இயலாது அண்ணை, எனக்கு வேலை இருக்கு என்று எழுதினார். கீழே தன் முழுப்பெயரையும் போட்டு அனுப்பினார்.