பிரேசில் நாட்டவர் என்று நான் சொன்ன கோல் காப்பாளர்

கோதுமை மாவைக் கொதிநீரில் கரைத்துக் காய்ச்சிய பசையின் இலேசான புளித்த வாசம்... கொழும்பு வெள்ளவத்தையில் நான் வாடகை அறையொன்றில் வாழ்ந்த யுத்த காலத்தை நினைக்கும்போதெல்லாம் முதலில் வருவது அதுதான். கடலின் வாசம்கூட அதற்குப் பிறகுதான்.

காலி வீதியில் ஒரு கொமியூனிகேஷன் தொலைபேசிக் கடையில் எனக்கு வேலை. வெளிநாட்டுக்குத் தொலைபேசி அழைப்பு எடுக்க வருவோர் வாங்கில் விட்டுச்செல்லும் சஞ்சிகைகள் மாலையில் எனக்குச் சொந்தமாகும். அவற்றில் வரும் விளையாட்டு வீரர்களை வெட்டியெடுத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு தடித்த சீ.ஆர். கொப்பியில் ஒட்டுவேன்.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோன எனக்கு ஆங்கிலம் கற்பித்தவர்கள் அந்த வீரர்களே. ஒவ்வொரு படத்தின் கீழுள்ள வரியையும் அகராதியின் துணையோடு தமிழாக்கி எழுதி வைப்பேன். சதமடித்த பின்னும் சிரிக்காத மேற்கிந்தியத் துடுப்பாட்டக்காரர். தோற்ற பின்னர் துவாயால் முகத்தை மூடிக்கொண்ட டெனிஸ் வீராங்கனை. ஓடி முடித்த இடத்திலேயே மல்லாந்து கிடந்த ஆபிரிக்கர். புருவம் கிழிந்த நிலையில் நிமிர்ந்து நின்ற குத்துச்சண்டை வீரர்...

அவர்களில் எவரும் என்னைப் போலத் தாம் தங்கும் அறையைப் பொலிஸில் பதிய வேண்டியவர்களாக எனக்குத் தோன்றவில்லை. என் ஈர்ப்பில் ஒரு பாதி அதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

கடைசிப் பக்கத்தில் அண்ணா இருந்தார். யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்க் கழகத்தின் கோல் காப்பாளர். பந்தை நெஞ்சோடு அணைத்தபடி நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம். உலக வீரர்களின் வரிசையில் அவரை வைத்ததில் எனக்கு எவ்விதக் கூச்சமும் இருக்கவில்லை. மற்றவர்களின் திறமையை நான் வாசித்து அறிந்தேன். அவருடையதைக் கோலுக்குப் பின்னால் நின்று கண்ணால் கண்டேன்.

ஆனால், வடக்கிலிருந்து கொழும்புக்கு வந்த தமிழர் குடும்ப விபரத்தோடு நிரப்பிக் கொடுக்க வேண்டியிருந்த பொலிஸ் பதிவுப் படிவத்தில் அவர் இல்லை.

"வடக்கில இளந்தாரி ஒருத்தன் இருக்கிறான் எண்டு எழுதினால், ஆயிரம் கேள்வி வரும் பிள்ளை. அம்மாவோட நிப்பாட்டு" என்றார் வீட்டுக்கார அன்ரி. நானும் அம்மாவின் பெயரோடு நிறுத்திக் கையொப்பமிட்டேன்.

ஒரு ஞாயிறு காலை, பசைச் சட்டி அடுப்பில் இருக்கும்போதே சோதனைக்கு வந்துவிட்டார்கள். அடையாள அட்டையையும் பதிவுப் படிவத்தையும் கையில் வைத்துக்கொண்டு நான் ஓரமாக நின்றேன். கட்டிலின் கீழிருந்த கொப்பியை ஒரு பொலிஸ் அதிகாரி எடுத்துப் புரட்டத் தொடங்கினார். விளையாட்டு ரசிகர் போலும்... ஒவ்வொருவரின் பெயரையும் தானே சொல்லிச் சொல்லித் தாள் திருப்பினார். டெனிஸ் வீராங்கனையிடம் வந்தபோது, "பாவம், அன்று வென்றிருக்க வேண்டியவள்" என்று சிங்களத்தில் வருந்தவும் செய்தார்.

கடைசிப் பக்கத்தில் பெயர் வரவில்லை.

"மே கவுத, நங்கி?"

இவர் யார் தங்கச்சி என்று கேட்கிறார். அண்ணா என்று சொன்னால், என் கையிலிருக்கும் படிவம் பொய்யாகிவிடும். எங்கே இருக்கிறார், ஏன் மறைத்தாய் என்று தொடங்கும் கேள்விகள் எங்கே முடியும் என்பது அந்த நாட்களில் எல்லோருக்கும் தெரியும். அன்ரி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிரேசில் கீப்பர், சேர்" என்றேன். சிங்களத்தில், ஒரு பிழையும் இல்லாமல்.

அவர் படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"பிரேசிலிலும் பனைமரம் இருக்கிறதா?"

கோல் கம்பத்துக்குப் பின்னால் மூன்று பனைகள் நின்றன. அதுவரையில் நான் அவற்றைக் கவனித்ததேயில்லை.

"இருக்கு, சேர்."

என்னை ஒருமுறை பார்த்தார். கொப்பியை மூடிக் கட்டிலில் வைத்தார். "நல்ல கீப்பர் போலத்தான் இருக்கிறார்" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனார். நம்பினாரா, நம்பாமல் விட்டாரா... இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவர்கள் போன பிறகு அன்ரி சொன்னார்: "கோவிக்காதை பிள்ளை. அடுத்த முறை வாறவனுக்கு விளையாட்டுப் பிடிக்காட்டி?"

அண்ணாவின் படத்தைக் கிழித்தது நான்தான். பசைச் சட்டியை இறக்கிவிட்டு, அதே அடுப்பில் போட்டு எரித்தேன்.

அடுத்தடுத்த இடப்பெயர்வுகளில் ஊரிலிருந்த படங்கள் எல்லாம் போய்விட்டன. அண்ணா தப்பிப் பிழைத்து டென்மார்க் போய்ச் சேர்ந்தார். அன்று நடந்ததை அவரிடம் சொல்ல எனக்குப் பல வருடங்கள் எடுத்தன.

தொலைபேசியில் விழுந்து விழுந்து சிரித்தார். "பிரேசில் கீப்பருக்கு என்னடி வேலை, போஸ்ற்றில சாய்ஞ்சு நிக்கிறதுதானே. எங்கட டிபென்ஸ் பந்து வந்தால் விலத்தி வழி விடுற டிபென்ஸ்."

பிறகு கேட்டார்:

"அந்தப் படத்தில நான் சிரிச்சுக்கொண்டோ நிண்டனான்?"

"இல்லை அண்ணா. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு."

"ஓம்... பின்னேர மட்ச். மேற்கைப் பார்த்த கோல்" என்றார்.



இன்று காலி வீதியில் பிள்ளைகள் எந்த நாட்டு வீரரின் பெயரையும் முதுகில் போட்டுக்கொண்டு நடக்கிறார்கள். யார் இவர் என்று ஒருவரும் மறித்துக் கேட்பதில்லை. இந்த இணையக் குழுவிலும் சென்ற வாரம் முழுவதும் உங்கள் அபிமான வீரர்களைப் படத்தோடு பதிவிட்டீர்கள். ஒருவரையும் விடாமல் பார்த்தேன்... என் முறைக்கு இணைக்க என்னிடம் படம் இல்லை. அன்று சொல்லாமல் விட்ட பெயர் மட்டுமே இருக்கிறது.

கந்தையா தவநேசன். கோல் காப்பாளர். என் அண்ணா.